பட்டம் தவறினால் நட்டம்! ஓய்வுபெறும் படைவீரர் குடும்பங்களுக்கான படிப்புச் சலுகைகள்

‘ராணுவத்தில் 17 ஆண்டுகள் முடித்துவிட்டேன். அடுத்த ஆண்டு ஓய்வு. ஊரில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் கிடக்கிறது. வரும் பணத்தில் போர்வெல் போட்டு முருங்கை வைக்கலாமா, இல்லை கறவை மாடு வாங்கலாமா?’

ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இதே கேள்வியோடு எங்கள் அலுவலகப் படியேறும் முன்னாள் படைவீரர்களும் உண்டு. முருங்கையா, மாடா என்பதற்குப் பதில் சொல்வது பெரிய காரியமில்லை. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துவிட்டால் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். ஆனால், இந்தக் கேள்வியில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. பணத்தைப் பற்றிக் கேட்கும் நம் ஜவான்கள், தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள படிப்புச் சலுகைகளைப் பற்றிக் கேட்பதே இல்லை.

படைவீரர் ஒருவர் 18, 20 வயதில் சேர்ந்து, 15 முதல் 20 ஆண்டுகள் பணி முடித்து வெளியே வரும்போது அவருக்கு வயது நாற்பதைக்கூடத் தொடாது. முன்னால் இன்னும் இருபது ஆண்டு உழைப்பு காத்திருக்கிறது. பிள்ளைகள் ஐந்தாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருப்பார்கள். பென்சனில் ஒரு பகுதியை விற்று வாங்கும் பணமும் பணிக்கொடையும் ஒரே நேரத்தில் கைக்கு வரும். எங்கள் பக்கத்தில் அந்தப் பணம் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். ஆழமான போர்வெல், பழைய வீட்டுக்கு மேல் ஒரு மாடி, ஒரு சரக்கு வண்டி. தண்ணீர் வந்தால் தப்பித்தார். வராவிட்டால் பென்சனை நம்பி மறுபடியும் கடன்.

படிப்புச் சலுகைக்கும் ஆடிப் பட்டம், தைப் பட்டம் மாதிரி காலம் உண்டு. சிலவற்றைச் சீருடை உடம்பில் இருக்கும்போதே வாங்க வேண்டும். சிலவற்றைப் பிள்ளை கல்லூரியில் முதலாண்டு சேரும்போதே கேட்க வேண்டும். காலம் போய்விட்டால் எந்த அலுவலகத்திலும் மறுபடி விதைக்க முடியாது.

சீருடையில் இருக்கும்போதே

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் இருக்கிறது. படைவீரர்கள் ‘டி.ஜி.ஆர்.’ என்றுதான் சொல்வார்கள். ஓய்வுபெறப் போகும் வீரர்களுக்கு வெளியுலகில் பிழைக்க ஒரு தொழில் கற்றுக்கொடுப்பது இதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் அதிகபட்சம் 24 வாரம் வரை நடக்கும் பயிற்சிகள் இதில் உள்ளன. பயிற்சிக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். பணிக்காலத்தின் கடைசிக் கட்டத்தில் நடப்பதால் சம்பளமும் வந்துகொண்டிருக்கும்.

கணினி, பாதுகாப்புப் பணி, மேலாண்மை போன்றவற்றோடு பால்பண்ணை, கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு மாதிரியான வேளாண் சார்ந்த பயிற்சிகளும் இதில் இடம்பெறுகின்றன. எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எத்தனை இடம் என்று ஆண்டுதோறும் பட்டியல் வரும். விண்ணப்பம் உங்கள் யூனிட் வழியாகத்தான் போக வேண்டும். எனவே, ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும்போதே யூனிட் அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதனால்தான் அவருக்கு முதல் பதிலாக இதைச் சொல்கிறேன். மாடு வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் பால்பண்ணைப் பயிற்சிக்கு எழுதிப்போடுங்கள். தீவனக் கணக்கு, சினைப் பருவம் கண்டறிதல், மடிநோய்த் தடுப்பு, வரவு செலவு எழுதுவது ஆகியவற்றைச் சொந்தப் பணத்தில் தொழில் தொடங்கி நட்டப்பட்டுக் கற்றுக்கொள்வதைவிட, அரசு செலவில் கற்றுக்கொண்டு வருவது லாபம். முருங்கை வைப்பவருக்கும் இது பொருந்தும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வரத்து கூடினால் முருங்கை விலை என்ன ஆகும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயை மண்டியில் கொட்டுவதோடு நிற்காமல் தரம் பிரிக்கவும், இலையை உலர்த்திப் பொடியாக்கி விற்கவும் தெரிந்தவர்தான் விலை விழும் காலத்திலும் நிற்பார். அதற்குப் பயிற்சி வேண்டும்.

‘பட்டதாரிக்குச் சமம்’ சான்று

பத்தாம் வகுப்பு முடித்து, படையில் 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் மத்திய அரசின் ‘குரூப் சி’ பணிகளுக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். இதற்காகப் படைப்பிரிவில் கொடுக்கும் சான்றைப் பலர் ‘டிகிரி சர்டிபிகேட்’ என்றே நினைத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சான்று வேலை விண்ணப்பத்துக்கான தகுதி மட்டுமே. அதை வைத்துக்கொண்டு எம்.ஏ., பி.எட். போன்ற மேற்படிப்பில் சேர முடியாது. ‘குரூப் பி’, ‘குரூப் ஏ’ பணிகளுக்கும் அது செல்லாது. உண்மையான பட்டம் வேண்டுமானால் படித்துத்தான் வாங்க வேண்டும். பணியில் இருந்தபடியே படிக்க ‘இக்னோ’ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வசதியானது. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை நடக்கும். நம் பக்கத்துக்கு மண்டல மையம் மதுரையில் இருக்கிறது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூ இல்லாமலேயே ஆயத்தப் படிப்பு வழியாகப் பட்டப்படிப்பில் சேர முடியும். ஆனால், பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்து வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தைத்தான் தமிழ்நாடு அரசு தன் வேலைவாய்ப்புக்கு ஏற்கும். 2009-ம் ஆண்டிலேயே இதற்கு அரசாணை வந்துவிட்டது. எனவே, பத்தாவதோடு படையில் சேர்ந்தவர்கள் முதலில் பிளஸ் டூ தேர்வை எழுதி முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போவது பாதுகாப்பு. மூன்றாண்டு படித்த பிறகு ‘செல்லாது’ என்று கேட்பதைவிட, ஓராண்டு தாமதம் பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு என்ன உண்டு?

இங்கேதான் பெரிய தொகை கைநழுவிப் போகிறது. முக்கியமான இரண்டு உதவிகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டுமே மத்திய அரசின் ‘கேந்திரிய சைனிக் போர்டு’ மூலம் வருபவை.

முதலாவது, கல்வி உதவித்தொகை. ஹவில்தார் மற்றும் அதற்குச் சமமான பதவி வரை இருந்து ஓய்வுபெற்றவர்களின் பிள்ளைகளுக்கானது. ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். பிள்ளை ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த தொகையை 2,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். 2025 நவம்பர் 1-ம் தேதி முதல் வரும் விண்ணப்பங்களுக்கு இந்தப் புதிய தொகை. பள்ளியில் இரண்டு பிள்ளைகள் படிக்கும் ஒரு ஹவில்தார் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு படிக்கும் படைவீரரின் விதவைக்கும் இந்த உதவி உண்டு. விண்ணப்பத்தோடு தேர்ச்சி பெற்ற மதிப்பெண் சான்று கேட்பார்கள். ஒருமுறை வந்தால் தொடர்ந்து தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம். 2006-07-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 5,500 பேருக்குக் கொடுக்கிறார்கள். பாதி மாணவிகளுக்கு, பாதி மாணவர்களுக்கு. மாணவிக்கு மாதம் 3,000, மாணவருக்கு மாதம் 2,500 ரூபாய். பொறியியல், மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எட்., பி.பி.ஏ., பி.சி.ஏ. போன்ற தொழிற்படிப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும். சாதாரண பி.ஏ., பி.காம். படிப்புகளுக்கு இல்லை. முதுநிலையில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. இரண்டுக்கு மட்டும் உண்டு. சேர்க்கைக்கான அடிப்படைத் தேர்வில், அதாவது பிளஸ் டூ அல்லது டிப்ளமோவில், குறைந்தது 60 சதவீத மதிப்பெண் இருக்க வேண்டும்.

காலக்கெடுவில் கவனம் வேண்டும். முதலாண்டில் சேர்ந்தவுடனேயே விண்ணப்பித்தவர்களுக்குத்தான் இந்தத் திட்டத்தில் இடம். ‘முதல் வருஷம் தெரியாமப் போச்சு, ரெண்டாவது வருஷம் போடுறேன்’ என்றால் நடக்காது. நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை படிக்கும் ஒரு மாணவிக்கு மொத்தம் 1,44,000 ரூபாய் வரும். ஒரு நல்ல கறவை மாட்டின் விலையைவிட அதிகம். முதலாண்டில் சில வாரம் கவனம் தவறினால் இது முழுவதும் போய்விடும்.

போரில் வீரமரணம் அடைந்தவர்கள், காணாமல் போனவர்கள், நிரந்தர ஊனமடைந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. 1971 போருக்குப் பிறகு, 1972-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. பள்ளி, கல்லூரிக் கல்விக் கட்டணத்தை அரசே கொடுக்கிறது. 2017-ல் இதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகு 2018-ல் அந்த வரம்பை நீக்கிவிட்டார்கள். அப்போது பாதியில் விட்ட குடும்பம் உங்களுக்குத் தெரிந்து இருந்தால், மறுபடி விசாரிக்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கையிலும் இடம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் சிறப்புப் பிரிவில் இவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வாங்கிய சான்றையும் இணைக்க வேண்டும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஓடினால் பலன் இல்லை. மாநில அரசின் முன்னாள் படைவீரர் தொகுப்பு நிதியிலிருந்தும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வழங்குகிறார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு இடத்தில் வாங்குவதற்கு விதிகள் தடையாக வரலாம். எது கூடுதலாகக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அக்னிவீரரின் பெற்றோருக்கு

2022-ல் அக்னிபத் திட்டம் வந்தது. முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்தார்கள். நான்காண்டு முடிந்து 2026 இறுதியிலிருந்து இவர்கள் ஊர் திரும்பும் காலம். அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் படையில் நிரந்தரமாகத் தொடர முடியும்.

விவசாயக் குடும்பத்துப் பெற்றோர் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காண்டோடு வெளியே வரும் அக்னிவீரருக்குப் பென்சன் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. எனவே, மேலே சொன்ன சலுகைகளை அவர்களுக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கையில் வருவது ‘சேவா நிதி’ என்ற சுமார் 11.71 லட்சம் ரூபாய். மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, அதே அளவு அரசும் போட்டுச் சேர்த்த பணம். இதற்கு வருமான வரி இல்லை.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுத் தம்பிக்கு இது பெரிய தொகை மாதிரித் தெரியும். அப்பாவின் பழைய கடனுக்கும் அக்காவின் திருமணத்துக்கும் இந்தப் பணத்தைத்தான் வீடு எதிர்பார்க்கும். அதில் தவறு சொல்ல முடியாது. ஆனாலும், அவன் படிப்புக்கென்று ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். அக்னிவீரர்களுக்காக இக்னோ மூன்றாண்டுப் பட்டப்படிப்பு நடத்துகிறது. பட்டத்துக்கு வேண்டிய மதிப்பீட்டுப் புள்ளிகளில் பாதியை அவர்கள் படையில் பெற்ற பயிற்சிக்காகவே கொடுத்துவிடுவார்கள். மீதிப் பாதியைப் படித்தால் போதும். பத்தாவதோடு சேர்ந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பிளஸ் டூ முடிக்கவும் ஏற்பாடு உண்டு. மகன் இன்னும் பணியில் இருந்தால், இந்த வாரம் போனில் பேசும்போதே ‘தம்பி, அந்தப் படிப்புக்குப் பதிஞ்சிட்டியா?’ என்று கேளுங்கள்.

அமெரிக்கா செய்த ஒரு காரியம்

படை திரும்பியவர்களுக்குப் படிப்பு கொடுத்தால் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்கா நல்ல உதாரணம். இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, 1944 ஜூன் 22-ம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ‘ஜி.ஐ. பில்’ என்று அதற்குப் பெயர். போர் முடிந்து திரும்பியவர்களில் சுமார் 78 லட்சம் பேர் அதன் கீழ் படிப்போ பயிற்சியோ பெற்றார்கள். சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள்.

நமக்கு முக்கியமானது இன்னொரு கணக்கு. அவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் விவசாயப் பயிற்சி எடுத்தவர்கள். தன் பண்ணையில் பயிர் செய்துகொண்டே வகுப்புக்குப் போவார்கள். ஆசிரியரும் பண்ணைக்கே வந்து பார்த்துச் சொல்லிக் கொடுப்பார். அந்தச் சட்டத்திலும் காலக்கெடு இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் தொடங்காதவர்களுக்குப் படிப்பு கிடைக்கவில்லை. 1956 ஜூலையோடு அந்தத் திட்டம் முடிந்தது.

ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்கள்

டி.ஜி.ஆர். பயிற்சிக் காலம் போய்விட்டது என்று கவலைப்படுபவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது. காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் விவசாயிகளுக்குப் பயிற்சி நடத்துகிறது. ரெட்டியார்சத்திரத்தில் இந்தோ-இஸ்ரேல் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்தில் குழித்தட்டு நாற்று, நிழல்வலைக்குடில் சாகுபடி ஆகியவற்றை நேரில் பார்க்கலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம் சான்றிதழ் படிப்புகள் நடத்துகிறது.

தொழில் தொடங்கப் பணம் வேண்டுவோருக்குத் தமிழ்நாடு அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் இருக்கிறது. 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்தது. முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம் என்பது இதன் அமைப்பு. கடன் வாங்குவதற்கு முன்பு பயிற்சி எடுத்துவிடுங்கள். திட்ட அறிக்கையில் எழுதியிருக்கும் கணக்கைப் பற்றி வங்கி மேலாளர் கேட்கும்போது நீங்களே பதில் சொல்ல முடிய வேண்டும்.

வாசகர் கேள்விகள் சில

*கேள்வி: நான் சி.ஆர்.பி.எஃப்.பில் ஓய்வுபெற்றவன். என் மகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை கிடைக்குமா?*

நீங்கள் கேந்திரிய சைனிக் போர்டில் விண்ணப்பிக்க முடியாது. அது தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படையினருக்கு. மத்திய ஆயுதக் காவல்படையினரின் பிள்ளைகளுக்கு இதே பெயரில் உள்துறை அமைச்சகம் தனியாக ஒரு திட்டம் நடத்துகிறது. அதில் விண்ணப்பியுங்கள்.

*கேள்வி: நான் சுபேதாராக ஓய்வுபெற்றேன். மகன் பி.காம். படிக்கிறான். அவனுக்கு ஏதாவது உண்டா?*

கேந்திரிய சைனிக் போர்டின் கல்வி உதவித்தொகை ஹவில்தார் வரைதான். பிரதமர் திட்டத்தில் பி.காம். இல்லை. மாநிலத் தொகுப்பு நிதி பற்றித் திண்டுக்கல் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அடுத்து அவன் எம்.பி.ஏ. அல்லது எம்.சி.ஏ. சேர்ந்தால், முதலாண்டிலேயே பிரதமர் திட்டத்துக்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

*கேள்வி: வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அவர் நாயக்காக இருந்தவர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாது. என்ன செய்வது?*

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள் அம்மா. உங்கள் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் அந்த அலுவலகத்தின் வழியாகத்தான் போகும். நீங்களே ஒரு தொழில் கற்றுக்கொள்ளவும் விதவைகளுக்கான தொழிற்பயிற்சி உதவி இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போதே சரிபார்க்க வேண்டியவை

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் பெயர்க் குழப்பமே காரணமாகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் ‘முருகேசன்’ என்றும் பள்ளிச் சான்றில் ‘எம். முருகேஷ்’ என்றும் இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். எனவே:

• மனைவி, பிள்ளைகள் பெயரும் பிறந்த தேதியும் டிஸ்சார்ஜ் புக், பகுதி II ஆணை, ஆதார், பள்ளிச் சான்று நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பணியில் இருப்பவர்கள் யூனிட்டிலேயே திருத்திக்கொள்வது எளிது. ஓய்வுக்குப் பிறகு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

• ஓய்வுபெற்று ஊர் வந்தவுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். அது இல்லாமல் பிள்ளைக்கான சான்று எதுவும் கிடைக்காது.

• பென்சன் ஆணை, வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றுகள் ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

• பிளஸ் டூ முடிவு வரும் வாரத்திலேயே பிரதமர் திட்டத்தின் அந்த ஆண்டு அறிவிப்பையும் கடைசித் தேதியையும் கேட்டு, வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஏக்கர் வைத்திருக்கும் வாசகர், ஓய்வு நாளுக்கு முன்பு பயிற்சிக்கு எழுதிப்போட்டுவிட்டு, விடுமுறையில் வரும்போது நிலத்து மண்ணையும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் அரை அரைக் கிலோ, ஒரு லிட்டர் என்று எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். முடிவைப் பார்த்துவிட்டு முருங்கையா, மாடா என்று உட்கார்ந்து பேசுவோம்.